கூட்டிப் பார்க்க ஆளில்லாத கணக்கு

மும்பை மாட்டுங்காவில் விழும் மழைத்தண்ணீர் கடலுக்குப் போக இரண்டு வழி உண்டு. ஒரு பங்கு மேற்கே மாஹிம் விரிகுடாப் பக்கம் இறங்குகிறது. கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பக்கம் விழுவது கிழக்கே திரும்பி மாஹுல் கழிமுகத்துக்குப் போக வேண்டும். போக வேண்டும் என்றுதான் சொல்ல முடியும். ஜூலை மாதத்தில் கடலேற்றமும் கனமழையும் ஒரே நேரத்தில் வந்தால், அது எங்கும் போகாமல் கிங்ஸ் சர்க்கிளிலேயே முழங்கால் அளவு நிற்கும்.

மும்பையில் தமிழ் அதிகம் கேட்கும் மூன்று பகுதிகளும் இந்த இரண்டு கழிமுகங்களை ஒட்டித்தான் இருக்கின்றன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள் குடியேறிய தாராவி, மித்தி ஆறு மாஹிம் கழிமுகமாக அகலும் இடத்தின் கரையில் இருக்கிறது. மாட்டுங்கா நடுவில். மூன்றாவது செம்பூர், அதற்குத் தெற்கே மாஹுல். அங்கே 1950களின் நடுவில் வந்த இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், டிராம்பே அனல்மின் நிலையம், பின்னால் வந்த உர ஆலை. வடகிழக்கில் 1927 முதல் நகரத்துக் குப்பையைத் தாங்கிவரும் தேவ்னார் மேடு. எல்லாவற்றுக்கும் அப்பால் தானே கழிமுகம், அதன் சேற்றில் பூநாரைகள்.

இங்கே யாரும் எதையும் அளப்பதில்லை என்று புகார் சொல்ல முடியாது. மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மித்தியில் மாதிரி எடுக்கிறது. மாநகராட்சி சாக்கடையையும் மழையையும் அளக்கிறது. மித்தியின் ஏறக்குறைய 18 கிலோமீட்டரில் கடைசி 6 கிலோமீட்டர் மாநகர வளர்ச்சி ஆணையமான எம்.எம்.ஆர்.டி.ஏ.விடம், மீதி மாநகராட்சியிடம். கடல்மேல் பாலம் கட்டும் மாநிலச் சாலைக் கழகம், துறைமுகம், விமான நிலையம், வனத்துறையின் அலையாத்திப் பிரிவு, உப்பளங்களை வைத்திருக்கும் உப்பு ஆணையர், ஆலைகள் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு கோப்பும் தன்னளவில் சரியாக இருக்கக்கூடும். கழிமுகம் மட்டும் கெட்டுக்கொண்டே போகிறது. பத்துக் கைகள் எழுதும் மளிகைக்கடைக் கடன் நோட்டு இது: ஒவ்வொருவரும் தன் வரியில் சின்னத் தொகைதான் எழுதியிருப்பார்கள், பக்கத்தின் அடியில் கூட்டல் போட மட்டும் ஆளிருக்காது.

சட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. 2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் முதல் படிவத்தில் ஒன்பதாவது பகுதி இதற்காகவே இருக்கிறது. பக்கத்தில் இருக்கிற, வரப்போகிற இதே மாதிரித் திட்டங்களோடு சேர்ந்து உங்கள் திட்டம் திரள்விளைவு உண்டாக்குமா என்று அது கேட்கிறது. எதிரே ஆம், இல்லை என்று எழுத ஒரு கட்டம். அதற்கடுத்து, விவரமும் தகவல் எங்கே கிடைத்தது என்பதும் எழுத இன்னொரு கட்டம். கேள்வியில் குறையில்லை. ஆனால் பக்கத்துத் திட்டக்காரரின் அளவீடு கையில் இல்லாத ஒருவர் இதற்கு என்ன எழுதுவார்? கேட்டவருக்கும் தெரியும், நிரப்புகிறவருக்கும் தெரியும், அந்தக் கட்டம் பெரும்பாலும் சடங்கு என்று.

1982-ல் வில்லியம் ஓடம் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் ஒரு சிறு கட்டுரையில் இந்த நோயை விவரித்தார். ஆல்ஃபிரட் கான் என்ற பொருளியலாளர் 1966-ல் சந்தையைப் பற்றிச் சொன்ன கருத்தைச் சூழலுக்குப் பொருத்திப் பார்த்தார் அவர். 1950க்கும் 1970க்கும் இடையில் கனெக்டிகட், மாசசூசெட்ஸ் கரையோரச் சதுப்புநிலங்களில் ஏறக்குறையப் பாதி அழிந்தது. பாதியை அழிப்போம் என்று அங்கே யாரும் முடிவெடுக்கவில்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று நூற்றுக்கணக்கான சின்ன முடிவுகள், அவ்வளவுதான். மும்பை இந்தக் கட்டுரைக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே உதாரணம் சேர்க்கத் தொடங்கிவிட்டது.

மாஹிம் கழிமுகத்தையே எடுத்துக்கொள்வோம். 1845-ல் மாஹிமையும் பாந்த்ராவையும் இணைக்கும் தரைப்பாலம் வந்தது. ஆற்றின் வாய் ஒரு பாலத்தின் கண் அளவுக்குக் குறுகியது. விமான நிலையம் வளர வளர மித்தி அதற்காக வளைந்து கொடுத்தது. 1970களின் கடைசியிலிருந்து, ஆறு மழைக்காலத்தில் பரவி நிற்கும் அலையாத்திச் சேற்றில் மண்கொட்டிப் பாந்த்ரா–குர்லா வணிக வளாகம் எழுந்தது. 2009-ல் விரிகுடாவின் குறுக்கே பாந்த்ரா–வொர்லி கடற்பாலம். இதில் எந்த ஒன்றையும் தனியாக நிறுத்தி "நீதான் காரணம்" என்று நிரூபிக்க முடியாது. ஆனால் சேர்ந்து என்ன செய்தன என்பதை இயற்பியல் சொல்லும்.

மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஐந்து மீட்டரை நெருங்கும். ஏற்றத்தின்போது கழிமுகத்துக்குள் நுழைந்து வற்றத்தின்போது வெளியேறும் தண்ணீரின் மொத்தக் கொள்ளளவுதான் அதன் மூச்சு. கரையோரச் சேற்றை மேடாக்கினால் உள்ளே வரும் தண்ணீர் குறைகிறது. குறைந்த தண்ணீர் மெதுவாகத்தான் வெளியேறும். வேகம் குறைந்தால் வண்டல் படியும். வண்டல் படிந்தால் இடம் இன்னும் சுருங்கும். அடுத்த ஏற்றத்தில் வரும் தண்ணீர் இன்னும் குறையும். கூடவே சாக்கடை உள்ளே தங்கும் நேரம் நீள்கிறது. ஆக, முதலில் மண் கொட்டியவர் கழிவுநீர் விடவில்லை, பிறகு கழிவுநீர் விட்டவர் மண் கொட்டவில்லை. ஆனால் அந்த மண் இல்லாதிருந்தால் இந்தக் கழிவுநீர் இவ்வளவு கெடுதல் செய்திருக்காது. இரண்டும் இரண்டும் நாலு என்ற கூட்டல் இங்கே செல்லாது. ஐந்து வரும், சில சமயம் ஏழு வரும்.

விடை எதிர்த்திசையிலும் வரும். கிழக்கே தானே கழிமுகத்தில் வண்டல் சேரச் சேர அலையாத்திப் பரப்பு கூடியிருக்கிறது. காடு கூடியது நல்ல செய்திதானே? பூநாரையைக் கேட்டால் வேறு சொல்லும். அது இரை தேடுவது வெட்டவெளிச் சேற்றுப்படுகையில். அலையாத்தி முன்னேறும் ஒவ்வொரு அடியும் அதன் மேய்ச்சல் நிலத்தில் ஓரடி. சரி, பூநாரைகள் 1990களில் கிழக்குக் கரையின் செவ்ரி சேற்றுக்கு ஆயிரக்கணக்கில் வரத் தொடங்கியது ஏன்? சாக்கடையின் ஊட்டத்தில் செழித்த நீலப்பச்சைப் பாசி ஒரு காரணமாக இருக்கலாம் என்று பறவை ஆய்வாளர்களில் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் சாக்கடையைச் சுத்தம் செய்தால் பறவை குறையுமா? 2015-ல் பூநாரைச் சரணாலயமாகவும் 2022-ல் ராம்சார் ஈரநிலமாகவும் ஆன பகுதியைக் கொண்ட தானே கழிமுகத்தைப் பற்றிய கேள்வி இது. பறவைக் கணக்கு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திடம், கழிவுநீர்க் கணக்கு மாநகராட்சியிடம், அலையாத்தி வரைபடம் வனத்துறையிடம். மூன்றையும் ஒரே மேசையில், ஒரே காலக்கோட்டில் வைக்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

தரவைப் பகிர்வது என்றால் ஒரு பி.டி.எஃப். கோப்பை இணையத்தில் ஏற்றுவது என்று நம் அலுவலகங்கள் நினைத்துக்கொள்கின்றன. உண்மையில் அது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்கு ஒரே ஓர் எண்ணைப் பிரித்துப் பார்க்கலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ல் வெளியிட்ட மாசடைந்த ஆறுகளின் பட்டியலில் மித்தியின் பவாய்–தாராவி நீட்சிக்கு எதிரே பி.ஓ.டி. லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்றிருந்தது. பி.ஓ.டி. என்பது தண்ணீரில் இருக்கும் கழிவைத் தின்று தீர்க்க நுண்ணுயிரிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன். குளிக்கத் தகுந்த ஆற்றுக்கு 3 வரை அனுமதி. வெதுவெதுப்பான கடல்நீரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜனோ சுமார் ஆறு மில்லிகிராம்தான். அது இரண்டு, மூன்றுக்குக் கீழே போனால் மீனுக்கு மூச்சு முட்டும். 250 என்றால் மித்தி, இருக்கிற ஆக்சிஜனைப்போல் நாற்பது மடங்கு கடன் வைத்திருக்கிறது என்று பொருள்.

இப்போது அந்த எண்ணைக் கேள்வி கேட்போம். மாதிரியை எடுத்தது கடலேற்றத்திலா, வற்றத்திலா? தாராவிக்கு அருகே ஏற்றத்தில் எடுத்தால் பாதி கடல்நீர். ஆறு மணி நேரம் கழித்து எடுத்தால் முழுச் சாக்கடை. முந்தின நாள் மழை பெய்ததா? மேல்மட்டத் தண்ணீரா, அடித்தண்ணீரா? எந்த முறையில் சோதித்தார்கள்? இந்தியத் தர முறைப்படி 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்ப்பார்கள். பல நாடுகளில் 20 டிகிரியில் ஐந்து நாள். இவ்வளவும் எழுதாத எண்ணை இன்னொரு எண்ணோடு கூட்டவும் முடியாது, ஒப்பிடவும் முடியாது. எண்ணோடு அதன் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுப்பதுதான் பகிர்வு.

இன்னும் ஒன்று. செறிவு மட்டும் போதாது, ஓட்டமும் வேண்டும். வகோலா நாலா என்ற கால்வாய் மித்தியில் சேருமிடத்திலும், குர்லாப் பக்கத்து நாலாக்களிலும், பவாய்க்குக் கீழேயும் ஒரே நாளில், வற்றத்தின் ஒரே கட்டத்தில் செறிவையும் ஓட்டத்தையும் அளந்து பெருக்கினால், யார் எத்தனை கிலோ அனுப்புகிறார்கள் என்று தெரிந்துவிடும். மித்தியின் அழுக்கில் பெரும்பங்கு வீட்டுக் கழிவுநீர்தான், அதுவும் பவாயிலிருந்து குர்லா வரை நகரமே சேர்ந்து அனுப்பியது. ஆனால் ஆறு கடைசியில் தாராவியைத் தாண்டிப் போவதால் பழி தாராவிக்கு. வாலில் இருப்பவன் தலையில் எல்லாப் பழியும் விழுவது பகிரப்படாத தரவின் ஒரு பக்கவிளைவு. இதைத் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

திட்ட அறிக்கைகளில் வேறொரு வினோதம். தாக்க மதிப்பீட்டுக்கு ஒரு பருவத்துத் தரவு போதும், அந்தப் பருவம் மழைக்காலமாக இல்லாமலிருந்தால் சரி என்பது நடைமுறை. ராஜஸ்தானில் அது எப்படியோ, மும்பையில் மழைக்காலத்தை விட்டுவிட்டுக் கழிமுகத்தை அளப்பது தீபாவளியை விட்டுவிட்டுப் பட்டாசுக் கடை வியாபாரத்தைக் கணக்கெடுப்பதுதான். மேலும் ஒவ்வோர் அறிக்கையும் தான் வந்த நாளின் நிலைமையையே தொடக்க நிலையாக வைத்துக்கொள்கிறது. 1995-ல் டேனியல் பாலி என்ற மீன்வள அறிவியலாளர் இதைக் கவனித்தார். ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் கண்ட, ஏற்கெனவே கெட்டுப்போன கடலையே இயல்பான கடல் என்று நினைக்கிறது. திட்டங்களுக்குத் தலைமுறை பத்தாண்டுகூட இல்லை. கழிமுகம் பாதி கெட்ட பிறகு வரும் திட்டம், "இங்கே கெடுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை" என்று மனசாட்சிக்கு விரோதமில்லாமலேயே எழுதிவிட முடியும்.

கூட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் மும்பையிலேயே சான்று இருக்கிறது. அதற்கு ஒரு பேரழிவு தேவைப்பட்டது.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. அதே நாளில் கொலாபாவில் 74. நடுவில் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். நகரத்துக்கு அன்று இருந்த வானிலைத் துறை மழைமானிகள் இந்த இரண்டுதான். நடுவில் இருந்த மாட்டுங்காவிலும் தாராவியிலும் குர்லாவிலும் எந்த மணிக்கு எவ்வளவு பெய்தது என்பது யாருக்கும் தெரியாது. பிரிட்டிஷ் காலத்து வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையை, அதுவும் கடல் வற்றியிருக்கும்போது, வெளியேற்றும் கணக்கில் கட்டப்பட்டவை. அதை 50 ஆக்கச் சொன்ன பிரிம்ஸ்டோவாட் அறிக்கை 1993-லேயே வந்து அலமாரியில் இருந்தது.

வெள்ளத்துக்குப் பிறகு சித்தலே குழு விசாரித்தது, மித்திக்கென்று தனி ஆணையம் பிறந்தது. என் பார்வையில் அவற்றைவிட உருப்படியான காரியம், 2006-ல் மாநகராட்சி ஐ.ஐ.டி. பம்பாயின் துணையோடு நிறுவிய 35 தானியங்கி மழைமானிகள். பெரும்பாலும் தீயணைப்பு நிலையங்களின் மாடிகளில் வைத்தார்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவு வந்தது. ஒரே நகரத்தில், ஒரே மணி நேரத்தில், பக்கத்துப் பக்கத்து வார்டுகளில்கூட மழை எவ்வளவு மாறுகிறது என்பது முதல்முறையாக எண்ணில் தெரிந்தது.

அந்த வலை வளர்ந்து 2020 ஜூன் 12 அன்று ஐஃப்ளோஸ் மும்பை என்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பு வந்தது. மாநகராட்சி, வானிலைத் துறை, புணே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் மூன்றும் வைத்திருக்கும் 165 மழைமானிகளின் தரவு, ஆறுகளின் ஆழ அகலம், நிலத்தின் மேடுபள்ளம், கடலேற்றக் கணிப்பு, வார்டுவாரியாக மக்கள்தொகை எல்லாம் ஒரே கணினி மாதிரியில் இறங்குகின்றன. மூன்று நாளுக்கு முன்பே எந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கணிக்க முயல்கிறது. இதை உருவாக்கியது சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம். அதற்கு முன் 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்காகச் செய்த சீஃப்ளோஸ் அமைப்பில் முன்னின்றது ஐ.ஐ.டி. பம்பாய். வெள்ளம் இரண்டு ஊருக்கும் சம்பந்தம் பேசி வைத்துவிட்டது.

கவனிக்க வேண்டியது, இந்த அமைப்பில் எந்தத் துறையும் தன் அதிகாரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. எண்ணை மட்டும் கொடுத்தது. அதற்கே இவ்வளவு பலன் என்றால், மழைக்குச் செய்ததை ஆக்சிஜனுக்கும் வண்டலுக்கும் ஏன் செய்யக்கூடாது? வெள்ளம் வந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். கழிமுகம் கெடுவது தெரிய முப்பது வருஷம் ஆகும். தேர்தல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை.

அலையாத்தியின் கதை வேறு விதம். அங்கே கூட்டல் போட்டது நீதிமன்றம். பம்பாய் சுற்றுச்சூழல் செயற்குழு தொடுத்த வழக்கில் 2005 அக்டோபரில் உயர்நீதிமன்றம் மாநிலம் முழுக்க அலையாத்தி வெட்டுவதற்குத் தடை போட்டது. அதைச் சுற்றி ஐம்பது மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது என்றது. அதோடு நிற்காமல், செயற்கைக்கோள் படத்தை வைத்து அலையாத்தி எங்கெங்கே இருக்கிறது என்று வரைபடம் தயாரிக்கச் சொன்னது. நாக்பூரின் மகாராஷ்டிரத் தொலையுணர்வு மையம் வரைந்தது. வரைபடம் வந்ததும் வாக்குவாதத்தின் தொனியே மாறியது. "இங்கே அலையாத்தியே இருந்ததில்லை" என்று சொல்ல முடியாமல் போனது. இன்று அலையாத்தி வெட்ட வேண்டிய ஒவ்வொரு திட்டமும் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியாக வேண்டும்; புல்லட் ரயிலுக்குச் சுமார் 20,000 மரங்கள் வெட்ட 2022 டிசம்பரில் அனுமதி கிடைத்தது அப்படித்தான். ஆனாலும் நீதிமன்றம் பார்ப்பது முன்னால் வந்த மனுவை. இதுவரை கொடுத்த அனுமதிகளின் கூட்டுத்தொகை எந்த அளவைத் தாண்டினால் "இனி இல்லை" என்பது என்று ஒரு கோடு எங்கும் வரையப்படவில்லை.

செம்பூரில் இந்தச் சிக்கல் காற்றில் இருக்கிறது. 2009-ல் மத்திய வாரியமும் ஐ.ஐ.டி. டெல்லியும் சேர்ந்து நாட்டின் 88 தொழிற்பகுதிகளுக்கு ஒட்டுமொத்த மாசுக் குறியீடு ஒன்றைக் கணக்கிட்டன. காற்று, நீர், நிலம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் முயற்சி அது. 70-ஐத் தொட்டால் "அபாய அளவு". செம்பூருக்கு 69.19. முக்கால்வாசிப் புள்ளி தயவில் தப்பியது! தண்ணீர்க் குழாயோரக் குடிசைகளிலிருந்து அகற்றிய குடும்பங்களைப் பிறகு மாஹுலிலேயே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். மூச்சுத்திணறலோடு அவர்கள் போராடியபின், 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றம், அங்கே இருக்க விரும்பாத குடும்பங்களுக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடுக்கச் சொன்னது. 2020 ஆகஸ்டில் பசுமைத் தீர்ப்பாயம் இரண்டு சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் இரண்டு சேமிப்புக் கிடங்கு நிறுவனங்களுக்குமாகக் காற்று மாசுக்கு மொத்தம் 286 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் எந்தப் புகைபோக்கியிலிருந்து, எந்தத் தொட்டியிலிருந்து வந்தன என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. காற்றில் கலந்தபின் மூலக்கூறின் நெற்றியில் முதலாளி பெயர் எழுதியிருக்காது.

மேலே ஓர் உச்சவரம்பு வைத்தால்? குஜராத்தின் சூரத்தில் 2019-ல் அதைச் செய்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட ஆலைகளின் புகைபோக்கிகளில் தொடர்கண்காணிப்புக் கருவி, மொத்தத் தூசுக்கு ஒரு வரம்பு, அதற்குள் ஆலைகள் தங்களுக்குள் அனுமதிச்சீட்டு வாங்கி விற்கலாம். பொருளியல் ஆய்வாளர்கள் ஒப்பீட்டு ஆலைகளோடு வைத்துப் பார்த்ததில் தூசு 20 முதல் 30 சதவீதம் குறைந்திருந்தது. தூசுக்கு உலகிலேயே முதல் சந்தை அது. ஒவ்வோர் ஆலையும் தன் வரம்புக்குள் இருக்கிறதா என்று கேட்பதை விட்டு, ஊருக்கு மொத்தம் எவ்வளவு தாங்கும் என்று கேட்டார்கள். தரவு எல்லோருக்கும் பொதுவாக, ஒரே வடிவில் வராமல் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது.

கடலுக்கு இதே வழி ஒத்துவருமா என்றால், ஆஸ்திரேலியாவின் கிளாட்ஸ்டன் துறைமுகத்தைப் பார்க்கலாம். நிலக்கரி, அலுமினியம், இயற்கை எரிவாயு என்று ஆலைகள் நெருங்கிய ஊர். 2001 முதலே அங்கே ஆலைகள் கூட்டாகக் காசு போட்டுத் தண்ணீரைக் கண்காணித்தன. 2011-ல் துறைமுகத்தைத் தூர்வாரும் பெருவேலை நடந்த சமயத்தில் மீன்களுக்கு நோய் கண்டு மீன்பிடிப்பை நிறுத்த வேண்டிவந்தது. தூர்வாரியதா காரணம், அந்த ஆண்டு வந்த வெள்ளமா என்று ஊரே இரண்டுபட்டது. ஆலைகளின் தரவை மக்கள் நம்பவில்லை. 2013-ல் அரசு, ஆலைகள், ஆய்வாளர்கள், ஊரார் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு பிறந்தது. அது ஆண்டுதோறும் துறைமுகத்துக்குப் பள்ளிக்கூடத்தைப்போல் ஏ முதல் ஈ வரை மதிப்பெண் அட்டை வெளியிடுகிறது. தன்னிடமிருக்கும் எண் தனக்கே எதிரான சாட்சியாகும் என்று ஆலைகள் பயப்படுவது இயல்பு. எல்லோரும் ஒன்றாகக் கொடுக்கும்போது அந்தப் பயம் கொஞ்சம் குறைகிறது.

சென்னைக்காரர்களுக்கு எண்ணூரைச் சொன்னால் போதும். அனல்மின் நிலையங்கள், துறைமுகம், சாம்பல் குட்டை, சுத்திகரிப்பு ஆலை என்று ஒவ்வொன்றும் தனித்தனி அனுமதியோடு வந்தன. 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர வரைபடத்தில் கழிமுகம் முழுதாக இருந்தது. பிறகு புழக்கத்தில் வந்த படத்தில் அதன் பெரும்பகுதி காணோம். 2017-ல் தகவல் உரிமைச் சட்டத்தின்மூலம் பழைய வரைபடம் வெளியே வந்தபோதுதான் இந்த மாயம் ஊருக்குத் தெரிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் எண்ணூர் மீனவர் வலைகளில் ஒட்டியபோது, அந்தக் கழிமுகத்தில் யார் எவ்வளவு போட்டார்கள் என்ற கேள்வி மறுபடி தலைதூக்கியது.

மும்பைக்குத் திரும்பினால், கடலோரச் சாலைக்காக மாநகராட்சி சுமார் 111 ஹெக்டேர் கடலைத் தூர்த்திருக்கிறது. 2019 ஜூலையில் உயர்நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது, டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்திவைத்து வேலையைத் தொடரவிட்டது. ஹாஜி அலி, வொர்லிப் பாறைகளில் ஒட்டியிருந்த 18 பவளக் கூட்டங்களை 2020 கடைசியில் கோவா கடலியல் நிறுவனத்தின் உதவியோடு பெயர்த்து வேறிடத்தில் வைத்தார்கள். மும்பைக் கரையில் பவளமா என்று கேட்டவர்கள் நிறைய. கடல் வற்றும் நேரத்தில் பாறைக் கரைகளில் நடந்து ஆக்டோபஸையும் கடற்சாமந்தியையும் படமெடுத்து, நாள், இடத்தோடு ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதியும் 'மரைன் லைஃப் ஆஃப் மும்பை' குழு 2017 முதலே இயங்கிவருகிறது. செலவு, ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் செல்போனும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம், தப்பென்றால் திருத்தலாம். பெருந்திட்டங்களின் கடலுயிர் ஆய்வுகளுக்கு இந்த மூன்றும் பொருந்துவதில்லை.

வொர்லிக் கோலி மீனவர்களிடமும் ஒரு தரவு இருந்தது. எண்ணில் எழுதியதல்ல. கிளீவ்லேண்ட் பந்தரிலிருந்து படகு கிளம்பும்போது எந்தக் காற்றில் எந்தப் பாறைப் பக்கம் இழுக்கும் என்ற கணக்கு. கடலோரச் சாலையைக் கடற்பாலத்தோடு இணைக்கும் தூண்களுக்கு நடுவே 60 மீட்டர் போதும் என்றது மாநகராட்சி, நிபுணர் அறிக்கையைக் காட்டி. பருவக்காற்றில் படகு ஓரிடத்தில் நில்லாமல் பக்கவாட்டில் தள்ளும், தூணில் மோதும் என்றார்கள் மீனவர்கள். வேலையை மறித்தார்கள், படகோடு போய் நின்றார்கள். 2022 டிசம்பரில் இடைவெளி 120 மீட்டராக ஒப்புக்கொள்ளப்பட்டது. திட்டம் போடும்போதே அவர்களைக் கேட்டிருந்தால் வருடக்கணக்கான இழுபறி மிச்சமாகியிருக்கும்.

தரவு பொதுவில் இல்லாதபோது அதன் தரமும் கெடும் என்பதற்கு மித்தியே இன்னொரு சாட்சி. ஆற்றில் தூர்வாரியதாகக் காட்டிய கணக்கில் மோசடி என்று 2025 மே மாதம் மும்பை காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. வழக்கு என்னவாகிறதோ ஆகட்டும். எத்தனை டன் வண்டல் எடுத்தார்கள் என்பதும், எடுத்த பிறகு ஆற்றின் அடிமட்டம் எவ்வளவு இறங்கியது என்பதும் இரண்டு தனி அளவீடுகள். இரண்டையும் வேறு வேறு ஆட்கள் எடுத்து ஒரே பக்கத்தில் வெளியிட்டால் பொய் அதிக நாள் தாக்குப்பிடிக்காது.

இப்போது மாநகராட்சி ஏழு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 2,464 மில்லியன் லிட்டர். அதில் தாராவி நிலையத்தின் பங்கு 418. அவை ஓடத் தொடங்கினால் மாஹிம் விரிகுடாவுக்குள் போகும் தண்ணீர் ஒரு தலைமுறை காணாத அளவு மாறும். அதே ஆண்டுகளில் பாந்த்ரா–வெர்சோவா கடற்பாலத்துக்குத் தூண்கள் இறங்கும், தாராவி மறுசீரமைப்பில் மண் புரளும், அதன் பேரில் வீடு பெறுபவர்களில் ஒரு பங்குக்குக் கிழக்குக் கரை உப்பளங்களையும் தேவ்னார் மேட்டையும் ஒதுக்கியிருக்கிறார்கள். மாட்டுங்கா தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய மாஹுல் நீரேற்று நிலையமோ நிலம் கிடைக்காமலே ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. இத்தனையும் ஒரே நேரத்தில் நடக்கும்போது, விரிகுடாவில் மீன் திரும்பினால் எதனால் திரும்பியது, திரும்பாவிட்டால் எதனால் என்பதைச் சொல்ல இன்றைய நிலைமையின் பதிவு வேண்டும். மழைக்காலம் உட்பட, ஏற்றம் வற்றம் குறித்து, நிலையங்கள் திறப்பதற்கு முன்பே. மாஹிம் பாலத்தடியில், வகோலா நாலா சேருமிடத்தில், மாஹுல் வாயில், செவ்ரி சேற்றோரத்தில் ஆக்சிஜனும் உப்பும் கலங்கலும் அளக்கும் கருவிகளை வைத்து, அந்த எண்களை மழைமானிகளின் எண்களோடு ஒரே இடத்தில் சேர்த்துவிட்டால் ஆரம்பத்துக்குப் போதும். கருவி கெட்டால் மாற்றுவது யார், எண்ணைச் சரிபார்ப்பது யார், கேட்காமலே வெளியிடுவது யார் என்று எழுதி வைக்க ஓர் அரசாணை வேண்டும். மழைக்கு அதை எழுதிய அதே துறைகள்தான் இதையும் எழுத வேண்டும்.